சுவரை அலங்கரிக்க உங்கள் படமே போதும்

வீட்டுச் சுவரை அழகுபடுத்த விலை உயர்ந்த ஓவியங்கள் வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் உள்ள குடும்பப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு மாட்டினாலே போதும். ஆனால் ஸ்கிரீனில் பளிச்சென்று தெரியும் படம், பெரிதாகப் பிரிண்ட் எடுத்ததும் மங்கலாகிவிடுவது உண்டு. பணம் வீணாகாமல் இருக்க, ஸ்டுடியோவுக்குப் போகும் முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிஜிட்டல் படம், பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நல்லது. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 150 போதும். அதாவது 12க்கு 18 அங்குலப் படத்துக்கு 1800க்கு 2700 பிக்சல் வேண்டும்.

விண்டோஸில் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேப் சென்றால் டைமென்ஷன்ஸ் என்ற இடத்தில் இந்த எண்களைக் காணலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படமா? வழக்கமான முறையில் அனுப்பும்போதே அதில் பிக்சல்கள் குறைந்துவிடும். எடிட்டிங் புரோகிராமில் இழுத்துப் பெரிதாக்கினாலும் இழந்த தெளிவு திரும்பாது. படம் எடுத்த போனிலிருந்தே யுஎஸ்பி கேபிள் மூலம் ஒரிஜினல் பைலைக் காப்பி செய்யுங்கள்.

ஒரிஜினல் கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அப்படிப்பட்ட படங்கள் சிலவற்றை 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் எடுத்து, ஒரே மாதிரி பிரேமில் வரிசையாக மாட்டுங்கள். செலவு குறைவு, சுவரும் நிறைந்துவிடும்.