டர்ஹாம் சுரங்கத் தொழிலாளரின் பட்டுக் கொடிகள்

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டர்ஹாம் வட்டாரத்தில் எஞ்சியிருந்த கடைசி நிலக்கரிச் சுரங்கமாகிய வேர்மவுத் 1993-ல் மூடப்பட்டது. ஆயினும், 1871-ல் தொடங்கிய தொழிலாளர் விழா, இடையில் சில ஆண்டுகள் தடைப்பட்டபோதிலும், இன்றும் ஜூலை மாதத்தில் நடைபெறுகிறது. சுரங்கம் இழந்த கிராமத்தார் தத்தம் சங்கக் கொடியை ஏந்தி, பித்தளை வாத்தியக் கோஷ்டியுடன் நகருக்குள் வருகின்றனர்.

கொடி என்றதும் கம்பத்தில் பறக்கும் சிறு துணியை நினைத்துவிடலாகாது. இஃது இரு கழிகளுக்கிடையே திரைச்சீலைபோல் தொங்கும் பெரும் பட்டு. காற்று வீசினால் சாயாதிருக்க முன்னும் பின்னும் கயிறு பிடிப்போர் வேண்டும். லண்டனில் ஜார்ஜ் டட்டில் 1837-ல் தொடங்கிய பட்டறை இத்தொழிலில் பெயர்பெற்றது. ஜக்கார்டு தறியில் நெய்த பட்டின்மீது ரப்பர் பூசி, அதன்மேல் எண்ணெய் வர்ணத்தால் சித்திரம் தீட்டினர். சித்திரம் மடங்கிக் கொடுப்பதற்காகச் செய்த இப்பூச்சுக்கு 1861-ல் காப்புரிமையும் பெற்றனர். நெய்தவரின் பெயரைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை. இது நம்மவர்க்குப் புதிதன்று!

சித்திரங்களில் சங்கத் தலைவர்களும், ஒடிக்க இயலாத சுள்ளிக்கட்டும், விதவைக்குக் கைகொடுக்கும் தொழிலாளியும் காணப்படுவர். சொப்வெல் கிராமத்தார் மார்க்ஸையும் லெனினையும் தீட்டுவித்தனர். சுரங்கத்தில் எவரேனும் மாண்ட ஆண்டில் கொடியின்மீது கறுப்புத் துணி சார்த்துவது மரபு. 1951 மே மாதத்தில் ஈசிங்டன் சுரங்க வெடிப்பு 83 உயிர்களைக் கொண்டுசென்றது. அத்தகைய துக்கத்தை ஊரார் ஒன்றாகச் சுமந்ததற்கு இக்கொடிகளே சாட்சி. எனவே இவற்றை வெறும் கலைப்பொருளென மதிப்பிடுவது போதாது என்பது நம் கருத்து.

இங்கேதான் சங்கடம் பிறக்கிறது. வெளிச்சத்தில் பட்டு மக்கும்; முதிர்ந்த ரப்பர் இறுகி வர்ணம் வெடிக்கும்; தன் பளுவைத் தானே தாங்கித் தொங்கும் துணியில் ஓரிழை இற்றால் கிழிசல் ஓடும் என்பதை நெசவாளர்க்குச் சொல்லவேண்டியதில்லை. வீதிக்குக் கொணர்ந்தால் கொடி அழியும். பெட்டியில் பூட்டினால் ஊரார் அதை மறப்பர். பல கிராமங்கள் பணம் திரட்டிப் புதுக்கொடி செய்வித்துள்ளன. அதை ஏந்தி நடக்கின்றனர். பழையதைக் காப்பிடத்தில் வைக்கின்றனர். புதியதைப் போலியென இகழ்வது சரியன்று. முற்காலத்திலும் நைந்த கொடிக்குப் பதிலாகச் சங்கங்கள் வேறொன்று வாங்கியே வந்தன.

பழையதை மடித்து வைக்கலாகாது. மடிப்பிலேதான் பட்டு முதலில் முறியும். வர்ணப் பக்கம் வெளிப்புறமாக இருக்கும்படி, பருத்த உருளையில் மெல்லிய தாள் இட்டுச் சுற்றி, இருட்டறையில் வைப்பதே முறை.