குருவை நோக்கிப் பீரங்கி!

கோட்டையைப் பிடிக்கப் பீரங்கி வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? காவலிருக்கும் தளபதி மனம் மாறினாலே போதும்!

1861-ஆம் வருஷம். அடிமை முறையைக் காப்பாற்ற அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பிரிந்துகொண்டிருந்த சமயம். டெக்ஸாஸ் தளபதி ட்விக்ஸ், தம் வசமிருந்த ராணுவ நிலையங்களைப் பிப்ரவரியில் சண்டையின்றிப் பிரிவினைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டார். மார்ச்சில் சர்க்கார் அவரை ராணுவத்திலிருந்து விலக்கியது. என்ன பயன்? போனது போனதுதான்!

சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மேஜர் ஆண்டர்ஸன் வேறு ரகம். கென்டக்கியில் பிறந்த தெற்கத்திக்காரர்தான். ஆயினும் சம்டர் கோட்டையை விட்டுக்கொடுக்க மறுத்தார். ஏப்ரல் 12-ஆம் தேதி அதன்மீது குண்டு பொழியச் செய்தவர் யார் தெரியுமா? வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அவரிடமே பீரங்கி வித்தை பயின்ற போரிகார்ட்! துரோணரும் அர்ஜுனனும் எதிரெதிரே நின்ற கதைதான்.

மறுநாள் கோட்டை பணிந்தது. நான்கு வருஷ உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஆனால், உத்தரவிடுவோர் நெஞ்சில் அந்தச் சேனை அதற்கு முன்பே பிளந்துவிட்டது!