காதில் விழும் பழுது

மோரிஸ் மைனர் காரில் சாவியைத் திருப்பியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானெட்டுக்குள்ளிருந்து 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வரும். வேகமாகத் தொடங்கி, தளர்ந்து, சில நொடிகளில் நின்றுவிடும். பின்னாளில் மினி காரையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் இந்தக் கார் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 16 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தச் சத்தம் அதிலுள்ள, எஸ்.யு. நிறுவனத்தின் மின்சார ஃப்யூல் பம்ப்புடையது. கார் வழியில் திணறினால் கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அந்தச் சத்தத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

பம்ப்புக்குள் ஒரு மின்காந்தச் சுருள், அதை ஒட்டி ஒரு டயஃப்ரம், டயஃப்ரத்தைத் தள்ளும் ஒரு ஸ்பிரிங். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் டயஃப்ரத்தை இழுக்கிறது; பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுப்பு முடியும் கணத்தில் ஒரு சிறு நெம்பு 'டிக்'கென்று புரண்டு, இரண்டு டங்ஸ்டன் பாயிண்டுகளைப் பிரித்துவிடுகிறது. காந்தம் போய்விட்டது. இப்போது ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. தள்ளி முடிந்ததும் நெம்பு மறுபடி புரண்டு பாயிண்டுகளைச் சேர்க்கிறது.

இதில் என்னை வியக்க வைப்பது பம்ப் ஓடுவது அல்ல, நிற்பது. கார்புரேட்டரின் ஃப்ளோட் அறை, மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. நிரம்பினால் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். பெட்ரோலுக்குப் போக இடமில்லை, ஸ்பிரிங்கால் தள்ள முடியவில்லை, டயஃப்ரம் பாதியில் நிற்கிறது. அந்த நிலையில் பாயிண்டுகள் பிரிந்தே இருப்பதால் மின்சாரமும் பாயாது. எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடுத்துவிட்டு, சென்சாரோ சிப்போ இல்லாமல் பம்ப் தானாக ஓய்கிறது. அழுத்தத்தை முடிவு செய்வது மின்சாரம் அல்ல, அந்த ஸ்பிரிங்தான்.

ஆகவே சத்தம் நிற்பது நல்ல அறிகுறி. நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி, அல்லது வரும் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. இன்ஜின் ஓடாதபோதும் விட்டுவிட்டு 'டிக்' கேட்டால் பெட்ரோல் எங்கோ கசிகிறது: ஊசி வால்வில் தூசி இருக்கலாம், பம்ப்பின் வால்வு தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தால் உடனே சாவியை அணைத்துவிடுங்கள். பம்ப் முக்கி முனகி அடித்து உடம்பும் சுட்டால், டேங்க் பக்கம் அடைப்பு. சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் உயிர் வந்தால் பாயிண்டுகள் கருகியிருக்கின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் சுருளால் எழும் பொறி அவற்றை அரிக்கிறது; நெடுநாள் ஓடாத காரில் மேலே படலமும் படிகிறது.

பம்ப் பழுதாகிக்கொண்டு வருவது முதலில் தெரியாது. நல்ல நிலையில் அது மணிக்கு 30 லிட்டருக்கு மேல் தரக்கூடியது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் கேட்பதோ மணிக்கு 5 லிட்டர்தான். பம்ப் பாதிக்கு மேல் பலமிழந்தாலும் ஊருக்குள் கார் நன்றாகவே ஓடும். மலை ஏறும்போதும் வேகமாகப் போகும்போதும்தான் ஃப்ளோட் அறை வற்றி இன்ஜின் விக்கும். சற்று நிறுத்தினால் அறை நிரம்பிவிடும், கார் மறுபடி கிளம்பும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதேபோலத்தான் நடக்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்'ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் பம்ப்பின் மேல் குற்றமில்லை.

மின்சாரப் பக்கம் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பம்ப் ஓய்ந்திருக்கும்போது மல்டிமீட்டரை வைத்தால் துருப்பிடித்த இணைப்பு வழியாகக்கூட 12 வோல்ட் முழுதாகக் காட்டும். மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்தடை வோல்டேஜைத் தின்னாது. இது ஓமின் விதி. பம்ப் அடித்துக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். எர்த் வயரையும் அப்படியே சோதிக்க வேண்டும்.

பெட்ரோல் வராததுதான் காரணமா என்பதை அறிய இன்னொரு வழி, கார்புரேட்டரில் நேராகச் சில துளி பெட்ரோல் விட்டுப் பார்ப்பது. இன்ஜின் பிடித்துச் சில நொடியில் அணைந்தால் ஸ்பார்க்கில் குறையில்லை. 1990-களில் பொருளாதாரத் தடையில் இருந்த யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின், மோரிஸ் கார்கள் ஓடியதும் இந்த வழியில்தான். கிடைத்தற்கரிய பெட்ரோலைச் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் துளி விட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையைச் சூடான இன்ஜினில் ஒருபோதும் செய்யாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இப்போது இந்திய பங்க்குகளில் வரும் ஈ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். டயஃப்ரத்தையும் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிக்கொள்வது நல்லது. பம்ப்பையே மாற்ற வேண்டியிருந்தால் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பை மட்டும் மாட்டாதீர்கள். அதன் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகும். 3, 4 பி.எஸ்.ஐ.க்காகச் செய்யப்பட்ட ஊசி வால்வால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது, பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் வழியும். எஸ்.யு. பம்ப்பும் அதன் உதிரிபாகங்களும் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் இன்றும் தயாராகின்றன. பாயிண்ட் கருகியதற்காகப் பழைய பம்ப்பைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்; பாயிண்டை மட்டும் மாற்றினால் போதும்.