எண்கட்டமும் ஏட்டுச் சுவடியும்



இலக்கியம் பேச வேண்டிய நேரத்தில் எண்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். பத்திரிகைகளில் வெளிவரும் சுடோகு என்ற எண்கட்டப் புதிரையே இன்று எடுத்துக்கொள்கிறேன். கடினமான சுடோகு ஒன்றைக் கையால் தீர்க்கும் முறைக்கும், செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சொல்லைக் காணும் முறைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இப்புதிரின் பிறப்பிடம் யப்பான் என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில் 1979ஆம் ஆண்டு அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றிலேதான் இது முதலில் வெளிவந்தது. 1984இல் யப்பானுக்குச் சென்று சுடோகு என்ற பெயரைப் பெற்றது. 2004 நவம்பரில் இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை வெளியிடத் தொடங்கிய பின்னரே உலகெங்கும் பரவியது.

விதி மிக எளிது. ஒன்பது நிரைகள், ஒன்பது நிரல்கள். மொத்தம் 81 கட்டங்கள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களை வரம்புகள் பிரிப்பதுபோல, தடித்த கோடுகள் இவற்றை ஒன்பது பெட்டிகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு நிரையிலும், நிரலிலும், பெட்டியிலும் 1 முதல் 9 வரையான எண்கள் ஒவ்வொரு தடவை மட்டுமே வர வேண்டும். சில எண்கள் முன்னரே தரப்பட்டிருக்கும். ஒரே விடை கிடைப்பதற்குக் குறைந்தது 17 எண்களாவது தரப்பட வேண்டும் என்பது 2012இல் கணினியின் துணையோடு நிறுவப்பட்டது.

இலகுவான புதிர்களை 'இந்த எண் எங்கே வரும்?' என்ற கேள்வியினாலேயே தீர்த்துவிடலாம். கடினமான புதிரில் அக்கேள்வி பாதி வழியில் நின்றுவிடும். பலர் அவ்விடத்தில்தான் ஊகத்தில் இறங்குகிறார்கள். அங்கே கேள்வியை மாற்ற வேண்டும். 'இந்த எண் எங்கே வராது?' என்று கேட்க வேண்டும். வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றிலும் பொருந்தக்கூடிய எண்களைப் பென்சிலால் சிறிதாக எழுதிக்கொள்ளுங்கள். இனி வேலை அழிறப்பருக்குத்தான்.

முதலாவது, இரட்டையர் முறை. ஒரு நிரையில் நான்கு கட்டங்கள் வெறுமையாக உள்ளன. வர வேண்டிய எண்கள் 2, 4, 7, 9. முதற் கட்டத்தில் 2, 7 மட்டுமே பொருந்தும். மூன்றாம் கட்டத்திலும் அவை இரண்டுமே. ஐந்தாம் கட்டத்தில் 2, 4, 7. எட்டாம் கட்டத்தில் 4, 7, 9. முதலிரு கட்டங்களில் எது 2, எது 7 என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவ்விரு எண்களும் அந்த இரு கட்டங்களுக்கே உரியவை என்பது உறுதி. ஆகவே மற்றக் கட்டங்களில் அவற்றை அழித்துவிடலாம். ஐந்தாம் கட்டத்தில் 4 மட்டும் எஞ்சும்; எட்டாவதில் 9 வந்து நிற்கும்.

இரண்டாவது, பெட்டி காட்டும் வழி. ஒரு பெட்டியில் 8 வரக்கூடிய கட்டங்கள் இரண்டே. அவ்விரண்டும் ஒரே நிரையில் உள்ளன. அப்படியானால் அந்த நிரைக்குரிய 8 இப்பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். அதே நிரை செல்லும் மற்ற இரு பெட்டிகளிலும், அந்நிரையில் உள்ள 8ஐ அழிக்கலாம்.

மூன்றாவது, நாற்சந்தி முறை. இரண்டாம் நிரையில் 6 வரக்கூடிய இடங்கள் மூன்றாம், ஏழாம் நிரல்கள் மட்டுமே. எட்டாம் நிரையிலும் அவ்வாறே. மேலே மூன்றில் 6 நின்றால் கீழே ஏழில் நிற்கும். மேலே ஏழில் நின்றால் கீழே மூன்றில் நிற்கும். எப்படியாயினும் இவ்விரு நிரல்களின் மற்றக் கட்டங்களில் 6க்கு இடமில்லை. அது எங்கே என்று அறியாமலே, எங்கெல்லாம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இவை யாவும் பயன்படாதபோது, இரண்டு எண்களே எஞ்சிய ஒரு கட்டத்தை எடுத்து, வேறொரு தாளில் ஒன்றை வைத்துச் சோதிக்கலாம். முரண்பாடு வந்தால் மற்றைய எண்ணே சரி என்பது நிறுவப்படும். முரண்பாடு இன்னும் வரவில்லை என்பதற்காக வைத்த எண் சரியாகிவிடாது. ஊகத்துக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இனி ஏட்டுக்கு வருவோம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கையில் எடுக்கவே உதிர்ந்த ஏடுகளின் நிலையைப் பதிப்புரையில் எழுதினார். அத்தகைய ஓர் ஏட்டில் வெண்பாவின் ஒரு சீர் அழிந்திருக்கிறது என்று கொள்வோம். முன்னுள்ள சீர் தேமாவாயின், அழிந்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். நேரசையில் தொடங்கும் சொற்கள் அத்தனையும் விலகின. எதுகையும் மோனையும் மேலும் பலவற்றை ஐயத்துக்குரியனவாக்கும். பொருள் இன்னும் சிலவற்றைத் தள்ளும். இங்கும் பதிப்பாசிரியர் கேட்பது 'எது வராது?' என்ற கேள்விதான். இரண்டு சொற்கள் எஞ்சினால், நேர்மையானவர் இரண்டையும் காட்டுவார். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்தது இந்த நேர்மையினால்தான்.

கணிதத்திலும் இதற்குச் சான்று உண்டு. சுடோகுவின் மூதாதையான இலத்தீன் சதுரங்களை ஆராய்ந்த ஆய்லர், அத்தகைய இரு சதுரங்களைக் குறித்த ஒரு வகையில் பத்துக்குப் பத்து அளவில் இணைக்க முடியாது என்று 1782இல் கருதினார். அதனை அவர் ஊகமாகவே முன்வைத்தார். 1959இல் இந்தியர்களான போஸ், சிறிகண்டே ஆகியோரும் அமெரிக்கரான பார்க்கரும் அது பிழை என்று காட்டினர். ஊகம் என்ற பெயரோடு நின்றதனால் அது யாரையும் ஏமாற்றவில்லை.

சுடோகுவில் ஊகித்து எழுதிய எண் பிழையானால், கடைசியில் ஒரே நிரையில் இரண்டு 5 வந்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். தாளைக் கசக்கி எறிந்தால் தீர்ந்தது. ஏட்டில் ஊகித்து எழுதிய சொல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அது அச்சேறும், உரை பெறும், மாணவர் அதனை மனனம் செய்து பரீட்சையில் எழுதுவர். நூறாண்டு கடந்தபின் புலவன் சொன்னது எது, நாம் சொன்னது எது என்று பிரித்தறிய வழியிராது. ஆகவே பென்சிலை எடுக்கும் இளைஞர்கள் ஒவ்வோர் எண்ணையும் எழுதுமுன் 'ஏன்?' என்று தம்மையே கேட்டுப் பழகட்டும். அப்பழக்கம் நாளை அவர்கள் கையில் ஏடு வரும்போது உதவும்.