கேஸ் முடிந்தது, காகிதம் எங்கே?

கட்டிட வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒரு தகராறு நடந்தது. அடிதடிக் கேஸில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனது. கடைசியில் நீதிபதி அவரை விடுதலை செய்தார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதமும் இல்லை.

சில வருடம் கழித்து ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை வந்தது. போலீஸ் சான்று கேட்டார்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் கேஸ் பதிவான விவரம் இருந்தது. விடுதலையான விவரம் ஏறவே இல்லை.

"உங்க மேல கேஸ் இருக்கே!"

"ஐயா, அதில எனக்கு விடுதலை ஆயிடுச்சுங்க."

"அப்படின்னா தீர்ப்பு நகலைக் கொண்டு வாங்க."

எங்கே போவது? யாரைக் கேட்பது? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

விடுதலையானவர் கேட்டுத்தான் வாங்க வேண்டும்

ஒருவருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தால், தீர்ப்பின் நகலை உடனே அவரிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் காசு இல்லை. அவர் கேட்க வேண்டியதும் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 404-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொன்னது.

விடுதலையானவருக்கோ நகல் தானாக வராது. அவர் மனுப் போட வேண்டும். சிறு கட்டணமும் கட்ட வேண்டும். தண்டனை பெற்றவர் காகிதத்தோடு போகிறார். விடுதலையானவர் வெறுங்கையோடு போகிறார். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் நடைமுறை இதுதான். ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே வக்கீலிடம் சொல்லுங்கள். நகல் மனுவை அப்போதே போட்டுவிடுங்கள். நாள் ஆக ஆக கேஸ் கட்டு பதிவறைக்குப் போய்விடும். குறிப்பிட்ட ஆண்டுகள் ஆனதும் பழைய தாள்கள் பலவற்றை விதிப்படி அழித்தும் விடுவார்கள்.

முதல் காகிதம்

ஒரு கேஸின் முதல் காகிதம் எஃப்.ஐ.ஆர். இதை முதல் தகவல் அறிக்கை என்பார்கள். திருட்டு, வழிப்பறி, கொலை முயற்சி போன்ற குற்றங்களைப் போலீஸ் தானாகவே விசாரிக்கலாம். அப்படிப்பட்ட குற்றத்தைப் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2013-இல் இதை உறுதியாகச் சொன்னது. சில வகைப் புகாரில் மட்டும் 14 நாளுக்குள் ஒரு முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். குற்றம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். "இது எங்க எல்லை இல்லை, அங்கே போ" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

நீங்கள் வாயால் சொன்னால், அவர்கள் அதை எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. நகை பறிகொடுத்த ஒரு பெண் ஸ்டேஷனில் எப்படிப் பேசலாம், பாருங்கள்.

"கையெழுத்துப் போடும்மா."

"ஐயா, எழுதினதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா."

"படிச்சுக் காட்டணும்னு சட்டத்திலேயே இருக்குதுங்க ஐயா. ரெண்டு சவரனா, மூணு சவரனான்னு பார்த்துட்டுப் போடுறேன்."

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் என்றால் நீங்களே வாங்கி மெதுவாகப் படியுங்கள். மும்பையிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே மராத்தியிலோ கன்னடத்திலோ எழுதுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று, உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்த ஆளைக் கூட அழைத்துப் போவது நல்லது. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டபின் நகலைக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அது இலவசம். இது 173-ஆவது பிரிவு. நகலில் ஒரு எண் இருக்கும். 87/2025 என்று இருந்தால், 2025-இல் அந்த ஸ்டேஷனில் பதிவான 87-ஆவது கேஸ் என்று பொருள். ஸ்டேஷன் பெயர், எண், ஆண்டு ஆகிய மூன்றையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் எதைத் தேடினாலும் இந்த மூன்றும்தான் சாவி.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் என்ன செய்வது? புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். தமிழ்நாட்டில் சில நேரம் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தருவார்கள். அது புகார் வந்ததற்கு அடையாளம். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

கேஸ் உங்கள் மேல் இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டேஷனிலோ எஸ்.பி. அலுவலகத்திலோ கட்டணம் கட்டி மனுக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கோர்ட்டில் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இது. எஃப்.ஐ.ஆர்.களைப் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. பக்கத்துப் பொதுச் சேவை மையத்தில் அதைத் தேடி அச்சிட்டுத் தருவார்கள். பெண்கள், குழந்தைகள் மேல் நடந்த பாலியல் குற்றங்கள் போன்றவற்றை இணையதளத்தில் போட மாட்டார்கள். அதனால், தேடிக் கிடைக்கவில்லை என்றால் கேஸே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

புகார் கொடுத்த பின் சும்மா காத்திருக்க வேண்டாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கேஸில் ஒன்றும் இல்லை என்று போலீஸ் முடித்துவிட நினைக்கலாம். அப்போது மாஜிஸ்திரேட் புகார் கொடுத்தவரையும் கேட்க வேண்டும். இது 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு.

கோர்ட் எண் வேறு

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஸ்டேஷன் எண்ணைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் காட்டுகிறார்கள். "கோர்ட் நம்பர் என்ன?" என்று கேட்டால் திகைக்கிறார்கள். போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டபின் கோர்ட் தன் கணக்கில் ஒரு புது எண் கொடுக்கும். அதோடு 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு நீண்ட எண்ணும் உண்டு. அதை சி.என்.ஆர். எண் என்பார்கள். நாட்டில் எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் ஒரு கேஸுக்கு ஒரே சி.என்.ஆர். எண்தான்.

எண் தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. இ-கோர்ட்ஸ் என்ற அரசு இணையதளம் உள்ளது. அதில் தேடக் கட்டணம் இல்லை. மாநிலம், மாவட்டம், ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். பெயரைக் கொடுத்தும் தேடலாம். ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கோர்ட் வளாகங்களில் இ-சேவா மையம் திறந்திருக்கிறார்கள். அங்கே உதவி கேட்கலாம். பழைய கேஸ் என்றால் இணையதளத்தில் இல்லாமல் போகலாம். அப்போது ஸ்டேஷனுக்குப் போய், கோர்ட் வேலை பார்க்கும் போலீஸ்காரரைக் கேளுங்கள். எந்தக் கோர்ட், என்ன எண் என்று அவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்.

எண் கிடைத்ததும் கோர்ட்டின் நகல் பிரிவுக்குப் போக வேண்டும். மனு இப்படி இருக்கலாம்:

*பெறுநர்: ................ நீதிமன்றம், ................*

*ஐயா, மேற்படி நீதிமன்றத்தின் ........../.......... எண் வழக்கில் நான் எதிரியாக இருந்தேன். ................ காவல் நிலையம், குற்ற எண் ........../.......... . ................ தேதியில் எனக்கு விடுதலை கிடைத்தது. வேலைக்குக் காட்டுவதற்காக, தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்று தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.*

*இப்படிக்கு, ................ (பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தேதி)*

'எதிரி' என்ற சொல்லைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். வேறு மாநிலம் என்றால் அந்த ஊர்க் கோர்ட்டு மொழியில் மனு எழுத வேண்டியிருக்கும். மனுவில் கோர்ட் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று நகல் கட்டணமும் உண்டு. இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நகல் பிரிவிலேயே கேளுங்கள். வாசலில் நிற்கும் புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

கோர்ட் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? கூடாது. கோர்ட் விதிப்படி மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் போலீஸ் அலுவலகத்தில் உங்கள் புகார் மனு என்ன ஆயிற்று என்று அந்தச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் கட்டணம் இல்லை.

நகல் கைக்கு வந்ததும் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையதளத்தில் எடுத்த அச்சில் இவை இருக்காது. அது நாம் படித்துப் பார்க்க உதவும். சான்றிட்ட நகலுக்கு ஈடாகாது. மனுப் போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் நகலில் குறித்திருப்பார்கள். தண்டனை பெற்றவருக்கு இந்தத் தேதிகள் முக்கியம். செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள், ஹைகோர்ட்டில் 60 நாள். நகல் தயாராக ஆன நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

விடுதலையானவர் நகலை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். ஒரு ஜெராக்ஸை மனுவோடு ஸ்டேஷனில் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொன்றைக் கம்பெனிக்குக் கொடுக்கலாம். மூல நகலை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியவில்லையா? ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இலவச உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை இது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்தவர் கேஸைப் பார்க்கலாமா?

"மாப்பிள்ளை வீட்டார் மேல் கேஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு ஆளின் எல்லாக் கேஸையும் காட்டும் பட்டியல் எதையும் போலீஸ் பொதுமக்களுக்குத் தருவதில்லை. எஃப்.ஐ.ஆர்., கோர்ட் உத்தரவு, தீர்ப்பு ஆகியவற்றை இணையதளத்தில் உள்ள அளவுக்கு யாரும் பார்க்கலாம். குற்றப்பத்திரிகை அப்படி இல்லை. அதைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 14 நாளுக்குள் இலவசமாகக் கொடுக்க வேண்டும். வக்கீல் வைத்திருந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் கொடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இணையத்தில் போட முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். முன்னால் சொன்ன கட்டிடத் தொழிலாளியின் பெயரும் எஃப்.ஐ.ஆரில் இருந்ததுதானே!

ஆனால் ஓட்டுக் கேட்டு வருபவரின் கேஸ்களைத் தாராளமாகப் பார்க்கலாம். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் தன் மேல் உள்ள குற்ற வழக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002-இல் கொடுத்த தீர்ப்பினால் வந்த நடைமுறை இது. அந்தப் பத்திரத்தைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் ஒட்டுவார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் போடுவார்கள். எந்த ஸ்டேஷன், என்ன பிரிவு, எந்தக் கோர்ட் என்று அதில் வரிசையாக இருக்கும்.