நாதசுவரத்தில் மூச்சுக் கட்டுப்பாடு

நாதசுவரத்தில் மூச்சுக் கட்டுப்பாடு என்பது சீவாளி வழியே செல்லும் காற்றின் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கவும், தேவைப்படும்போது நுட்பமாகக் கூட்டிக் குறைக்கவும் கலைஞர் பெறும் பயிற்சியாகும். நாதசுவரத்தில் ஏழு விரல் துளைகளே உள்ளன. சாவிகள் கிடையாது. நுண்ணிய சுர வேறுபாடுகளும் கமகங்களும் துளையைப் பாதி மூடுவதாலும், உதட்டின் பிடியாலும், காற்றின் அழுத்தத்தாலுமே பிறக்கின்றன. மேல் தாயி சுரங்களுக்கும் ஊதும் விசை கூட வேண்டும். ஆகவே மூச்சு தளர்ந்தால் ஒலி குறைவதோடு சுருதியும் இறங்கிவிடும்.

புதிதாகக் கற்பவர்கள் நெஞ்சை உயர்த்தி மூச்சிழுத்து, தொண்டையை இறுக்கி ஊதுவது வழக்கம். இதனால் நாதம் கரகரக்கும், விரைவில் களைப்பும் வரும். சரியான முறையில் உதரவிதானம் கீழிறங்க, வயிறும் கீழ் விலாவும் விரிகின்றன. நுரையீரல் நிறைந்திருக்கும்போது அது தானே சுருங்க முயல்வதால் காற்று வேகமாக வெளியேறப் பார்க்கும். அப்போது அதைத் தடுத்து நிறுத்துவதே வேலை. காற்று குறையக் குறைய வயிற்றுத் தசைகள் அதை உந்தித் தர வேண்டும். கேட்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே கூடாது.

எங்கே மூச்சு வாங்குவது என்பதும் முக்கியம். கீர்த்தனையின் சாகித்தியம் அறியாதவர் சொல்லின் நடுவே மூச்சை விட்டுப் பொருளைச் சிதைத்துவிடுவார். ராக ஆலாபனையில் இந்த எல்லைக்கோடு இல்லை. கலைஞரே பிடியின் முடிவைத் தீர்மானிக்கிறார். தோடி ஆலாபனைக்குப் புகழ்பெற்ற திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) இசைத்தட்டுகளை இந்த நோக்கில் கேட்பது மாணவர்களுக்குப் பயன் தரும்.

மூச்சுப் பயிற்சியின் கடினமான வடிவம் முதன்மைக் கலைஞரிடம் அல்ல, பக்கத்தில் நின்று ஒத்து ஊதுபவரிடம் இருந்தது. சுருதிக்காக ஊதப்படும் ஒத்தின் ஒலி அறுபடவே கூடாது. அதனால் அவர் கன்னங்களில் காற்றைத் தேக்கி, அதைக் கன்னத் தசையால் வெளியே தள்ளும் அந்தக் கணத்திலேயே மூக்கால் மூச்சிழுப்பார். குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை வைத்து, குமிழி நிற்காமல் ஊதிப் பார்த்து இதைப் பழகலாம். தொடக்கத்தில், கன்னக் காற்றிலிருந்து நுரையீரல் காற்றுக்கு மாறும் இடத்தில் ஒலி தடுக்கும். அதைச் சரிசெய்யவே நாள் பிடிக்கும்.

ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டியும் பின்னர் மின்னணுச் சுருதிக் கருவியும் பெருமளவு பிடித்துக்கொண்டன. குழுவுக்கு ஓர் ஆள் செலவு மிச்சம்தான். ஆனால் ஒத்து ஊதியே மூச்சைப் பழகிக்கொள்ளும் வாய்ப்பு இளம் மாணவர்களுக்கு அரிதாகிவிட்டது.