கதவடைப்பும் கற்போர் நிலையும்

கல்விக்கூடமொன்று மூடப்படும்போது அதனால் விளையும் இழப்பு எல்லா மாணவர்க்கும் ஒரு தன்மையது என்று கருதுவோர் பலர். மூடிய நாட்களின் தொகை அனைவர்க்கும் ஒன்றே. ஆயின் அந்நாட்களின் விலை மாணவனுக்கு மாணவன் வேறுபடும். ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து உயர்கல்வி நாடிச் செல்லும் மாணவரின் நிலையை நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும்.

2012ஆம் ஆண்டு யூலை மாதத்திலே இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சம்பள உயர்வோடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்கு ஒதுக்கப்படல் வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாகும். ஓகஸ்டில் அரசாங்கம் பெரும்பாலான பீடங்களை மூடிற்று. ஒக்டோபரில் இணக்கம் ஏற்படுமுன் ஏறக்குறைய 100 நாட்கள் கழிந்தன.

அக்கோரிக்கை நியாயமற்றதென எவரும் கூறார். கல்விக்கு நிதி பெருகின், தோட்டப் பாடசாலைகளே முதற்கண் பயன் பெறத்தக்கவை. எனினும் அப்போராட்டத்தின் விலையை மிகுதியாகச் செலுத்தியவரும் அத்தோட்டப் பிள்ளைகளே. இம்முரண்பாடே நாம் சிந்தித்தற்குரியது.

விடுதி மூடப்பட்டதும் பேராதனையிலிருந்து புகைவண்டியேறி ஹட்டனில் இறங்கும் மாணவன் செல்லுமிடம் ஒரு லயத்து அறை. அங்கே தனித்திருந்து படிக்க இடமில்லை. வேண்டிய நூல்களோ பல்கலைக்கழக நூல்நிலையத்தில் உள்ளன. வசதியுடையோன் தனியார் வகுப்பை நாடுவான். வெளிநாடு செல்வோனும் உண்டு. இவனுக்கோ பட்டம் பிந்துந்தோறும் தொழில் பிந்தும். அவன் சம்பளத்தை எதிர்நோக்கியிருக்கும் தங்கையின் படிப்பும் பிந்தும். வெண்ணெய் திரளும் வேளையில் தாழி உடைந்த கதையே இது.

இதற்கு முன்னும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1987 முதல் 1989 வரை நாட்டின் கிளர்ச்சிக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கி அதிக காலம் ஆகாத வேளை அது. பின்னர் 2021 யூலையில், தொற்றுநோயாற் பாடசாலைகள் மூடியிருந்தபோது, ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை முன்னிட்டு இணையவழிக் கற்பித்தலையும் பகிஷ்கரித்தனர். ஒக்டோபரிலேயே வகுப்புக்குத் திரும்பினர். தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடி மேடேறிய பிள்ளைகளுக்கு அச்சிறு வழியும் அற்றது.

வேலைநிறுத்தத்தின் அருமையை மலையகத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்தார். உரிமைகள் இரந்து பெறப்பட்டவையல்ல என்பதை அவர்கள் அறிவர். கொய்யாது விட்ட கொழுந்து முற்றிப் பயனற்றுப் போனாலும், செடி மீண்டும் துளிர்க்கும் என்பதையும் அறிவர். மாணவப் பருவமோ மீண்டும் துளிர்ப்பதில்லை.

ஆதலின், போராடும் உரிமையும் பயிலும் உரிமையும் ஒன்றையொன்று அழித்தல் தகாது. வைத்தியர் வேலைநிறுத்தம் செய்யுங்காலும் அவசர சிகிச்சைப் பிரிவை மூடுவதில்லை. அவ்வாறே நூல்நிலையம், விடுதி, இறுதியாண்டுப் பரீட்சை ஆகிய மூன்றையும் போராட்டத்துக்குப் புறம்பாக வைத்தல் ஆசிரியர், மாணவர் சங்கங்களின் கடன். கதவடைப்பை முதற் கருவியாகக் கொள்ளாதிருத்தல் அரசின் கடன். படிக்க விரும்புவோனைத் துரோகி என்று இகழாதிருத்தல் நம் அனைவரின் கடன்.